சிறுநீரகம் வெளியேற்றுவது கொஞ்சம், திரும்ப எடுப்பதுதான் அதிகம்

நர்சிங் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் எடுக்கிறேன். சிறுநீர் மண்டலம் பாடம் ஆரம்பிக்கும் நாளில் "கிட்னி என்ன வேலை செய்யும்?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "வடிகட்டும்" என்று சொல்லும். தப்பில்லை. ஆனால் அது வேலையின் முதல் படி மட்டும்தான், அதுவும் இருப்பதிலேயே சுலபமான படி. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் திரவம் சுமார் 180 லிட்டர். நாம் கழிக்கிற சிறுநீரோ ஒன்றரை லிட்டர், போனால் இரண்டு லிட்டர். மீதி எங்கே போனது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். மீதி முழுவதும் திரும்ப ரத்தத்துக்கே போய்விட்டது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை மறுபடி எடுத்து வைப்பதற்காகத்தான் அந்த உறுப்பு இரவு பகலாகச் சக்தியைச் செலவழிக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் சர்க்கரை நோயில் ஏன் அடிக்கடி சிறுநீர் வருகிறது, தண்ணீர் குடிக்காவிட்டால் ஏன் மஞ்சளாகப் போகிறது, பிபி மாத்திரை ஏன் சிறுநீரகத்தைத் தொடுகிறது எல்லாம் தன்னால் விளங்கும் என்பது என் அனுபவம்.

இப்படி ஏன் சுற்றிவளைத்து வேலை செய்ய வேண்டும், கழிவை மட்டும் பொறுக்கி வெளியே போட்டால் போதாதா என்று தோன்றும். ஓர் அலமாரியைச் சுத்தம் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தட்டாகத் துழாவி வேண்டாததைத் தேடி எடுக்கலாம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்கலாம். சிறுநீரகம் இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுகிறது. இதில் பெரிய லாபம் என்னவென்றால், வேண்டாதது எது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. வேண்டியது எது என்று தெரிந்தால் போதும். மனித உடம்பு இதுவரை பார்த்தே இராத ஒரு புது மருந்து உள்ளே வந்தாலும், தண்ணீரில் கரையும் சின்ன மூலக்கூறாக இருந்தால் வடிந்து குழாய்க்குள் போய்விடும், அதைத் திரும்ப எடுக்க யாரும் இல்லாததால் அப்படியே வெளியேறிவிடும்.

சரி, உறுப்பைப் பார்ப்போம். ஆய்வகத்தில் ஆட்டின் சிறுநீரகத்தை வைத்துத்தான் காட்டுகிறேன். மேலே ஒரு மெல்லிய உறை இருக்கும், நகத்தால் கீறி இழுத்தால் ஈரக் காகிதம் மாதிரி உரிந்து வரும். நீளவாக்கில் பாதியாக அறுத்தால் வெளிவட்டத்தில் செம்பழுப்பாக, மணல் மணலாக ஒரு பட்டை தெரியும், அது புறணி. அதற்கு உள்ளே கோடு கோடாக, கோடுகள் எல்லாம் நடுவை நோக்கி ஓடுகிற மாதிரி இருப்பது மெடுல்லா. நடுவில் வெள்ளையாக ஒரு புனல் போன்ற பகுதி, சிறுநீர் வந்து சேரும் இடம். ஆட்டில் அந்த மெடுல்லா ஒரே மேடாகச் சேர்ந்திருக்கும். மனிதச் சிறுநீரகத்தில் தனித்தனிப் பிரமிடுகளாக, பெரும்பாலும் எட்டிலிருந்து பதினெட்டு வரை இருக்கும். அந்தக் கோடுகளை மாணவர்கள் சும்மா வடிவம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள், நான் விடமாட்டேன். ஒவ்வொரு கோடும் நேராக இறங்கி ஏறும் குழாய்களின் கட்டு. பின்னால் சொல்லப்போகும் கதை முழுக்க அந்தக் கோடுகளில்தான் நடக்கிறது.

மனிதச் சிறுநீரகம் சுமார் 11 சென்டிமீட்டர் நீளம், 150 கிராம் எடை. குடல் எல்லாம் இருக்கும் வயிற்றறைக்குப் பின்னால், முதுகுத்தண்டின் இரு பக்கமும், கடைசி விலா எலும்புகளுக்குப் பாதி மறைந்து உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் மேலே கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் கொஞ்சம் தாழ்வாக இருக்கும். கீழ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "கிட்னி வலிக்குது" என்று சொல்பவர்கள் ஏராளம். சிறுநீரகம் அங்கே இல்லை, அதற்கு மேலே, கடைசி விலா எலும்பும் முதுகெலும்பும் சேரும் மூலையில் இருக்கிறது. மருத்துவர் அந்த மூலையில் மெதுவாகத் தட்டிப் பார்ப்பதும் இதனால்தான்.

இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், ஒரு லிட்டருக்குக் குறையாமல், இந்த இரண்டு சின்ன உறுப்புகளுக்குப் போகிறது. எடைக்கு எடை பார்த்தால் மூளைக்குப் போவதைவிடப் பல மடங்கு அதிகம். இவ்வளவு ரத்தம் சிறுநீரகத்தின் சொந்தப் பசிக்காக இல்லை, சுத்தம் செய்யக் கொடுக்கப்படுகிற ரத்தம். நம் உடம்பில் பிளாஸ்மா மொத்தமே மூன்று லிட்டர் அளவுதான், அப்படியானால் அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 தடவை வடிக்கப்படுகிறது என்று கணக்கு வருகிறது.

வடிக்கும் இடம் குளோமருலஸ். நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருண்டு உருண்டையாக, பௌமானின் கிண்ணம் என்ற பைக்குள் அமர்ந்திருக்கும். 1660களில் இத்தாலிய விஞ்ஞானி மால்பிகி நுண்ணோக்கியில் இந்த உருண்டைகளைப் பார்த்துவிட்டார். அவை குழாயோடு எப்படி இணைகின்றன என்பதை 1842-ல்தான் வில்லியம் பௌமான் தெளிவாகக் காட்டினார். உடம்பில் மற்ற இடங்களில் நுண்குழாய்க்குள் தமனி வழியாகப் போகும் ரத்தம் சிரை வழியாக வெளியேறும். இங்கே மட்டும் உள்ளே வருவதும் தமனி, வெளியே போவதும் தமனி. இரண்டு பக்கமும் சுருக்கவோ விரிக்கவோ முடிகிற குழாய் இருப்பதால், நடுவில் இருக்கும் அழுத்தத்தைச் சிறுநீரகம் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ள முடிகிறது. வெளியே ரத்த அழுத்தம் ஓரளவு ஏறி இறங்கினாலும் வடிகட்டும் அளவு பெரிதாக மாறாமல் இருப்பது இதனால்தான்.

அங்கே இருக்கும் சல்லடைக்கு மூன்று அடுக்கு உண்டு. துளை துளையாக இருக்கும் ரத்தக்குழாயின் உட்சுவர், அதற்கு வெளியே ஒரு சவ்வு, அதற்கும் வெளியே போடோசைட் என்ற செல்கள். இந்தப் போடோசைட்டுகளின் கால்கள் இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்க, நடுவில் இருக்கும் மெல்லிய இடுக்கு வழியாகத்தான் திரவம் இறங்கும். தண்ணீர், உப்பு, குளுக்கோஸ், யூரியா எல்லாம் இறங்கிவிடும். ரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் தங்கிவிடும். சிறுநீர் நுரைத்துக்கொண்டே போய், நுரை கலையாமல் நின்றால் ஆல்புமின் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்வது இந்தச் சல்லடை கிழிந்திருக்குமோ என்ற சந்தேகத்தில்தான்.

இந்த உருண்டையும் அதற்குப் பின்னால் நீளும் குழாயும் சேர்ந்ததுதான் நெஃப்ரான். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் இருக்கும், ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை நிறைய மாறும். நாம் பிறப்பதற்கு முன்பே, தாயின் வயிற்றில் கடைசி வாரங்களுக்குள், அத்தனையும் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. தோல் வளரும், கல்லீரல் வளரும், நெஃப்ரான் வளராது.

வடிந்த திரவம் முதலில் வருவது அண்மைச் சுருண்ட குழலுக்கு. உள்சுவர் முழுக்கத் தூரிகை மயிர் போல நுண்விரல்கள், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். உப்பிலும் தண்ணீரிலும் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே திரும்பிவிடுகிறது. குளுக்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் வடிந்து இறங்குகிறது, அது அத்தனையையும் இந்தக் குழல் பிடித்து உள்ளே வைத்துவிடுகிறது. ஆனால் பிடிக்கும் புரதங்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால் அவற்றால் சமாளிக்க முடியாது, மிஞ்சியது சிறுநீரில் போகும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அப்புறம் தீராத தாகம் என்ற சர்க்கரை நோயின் இரண்டு பழைய அறிகுறிகளும் இந்த ஒரே இடத்தில் பிறப்பவை. இன்று சர்க்கரை நோய்க்குக் கொடுக்கப்படும் ஒருவகை மாத்திரைகள் அந்தப் புரதத்தையே வேண்டுமென்று அடைத்து, சர்க்கரையைச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. அவற்றின் மூதாதை 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள்.

இதே குழல் எதிர்த் திசையிலும் வேலை செய்யும். சிலவற்றை ரத்தத்திலிருந்து பிடித்துக் குழாய்க்குள் தள்ளும். பென்சிலின் அப்படித்தான் வேகமாக வெளியேறுகிறது. 1941-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலின் போடப்பட்ட முதல் நோயாளிகளில் ஒரு காவலர் இருந்தார். மருந்து மிகக் கொஞ்சமாகத்தான் கையில் இருந்தது, அதனால் அவருடைய சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்து பென்சிலினைப் பிரித்து மறுபடி அவருக்கே போட்டார்கள். தேறி வந்தவர், மருந்து தீர்ந்ததும் இறந்துபோனார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் அந்த மருந்தைத் தக்கவைக்க வழியே இல்லையா என்று கேட்பார்கள். பின்னால் வழி கிடைத்தது, குழல் பென்சிலினைத் தள்ளுவதைத் தடுக்கும் ப்ரோபெனெசிட் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அடுத்து ஹென்லே வளைவு. மாணவர்கள் பயப்படும் இடம், எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். குழாய் மெடுல்லாவின் ஆழத்துக்கு நேராக இறங்கி, கொண்டை ஊசி மாதிரி வளைந்து, நேராக மேலே ஏறுகிறது. இறங்கும் கை தண்ணீரை வெளியே விடும், உப்பை விடாது. ஏறும் கை அதற்கு நேர்மாறு, உப்பை வெளியே தள்ளும், ஒரு சொட்டுத் தண்ணீரையும் விடாது. இந்த இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் சுற்றியிருக்கும் திசுவில் உப்பு சேர்ந்துகொண்டே போகும், ஆழம் போகப் போக அடர்த்தி கூடும், அடியில் ரத்தத்தைவிட நான்கு மடங்கு. அறுத்த சிறுநீரகத்தில் தெரிந்த கோடுகள் இவைதான். கடைசியில் வரும் சேகரிப்பு நாளம் அதே உப்பு நிறைந்த ஆழத்தின் வழியாக இறங்குகிறது. நாளத்தின் சுவரில் தண்ணீருக்குக் கதவு திறந்திருந்தால் வெளியே இருக்கும் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், சிறுநீர் சுண்டி அடர் மஞ்சளாகும். கதவு மூடியிருந்தால் தண்ணீர் அப்படியே போகும், சிறுநீர் வெளிறிவிடும்.

கதவு என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அக்வாபோரின் என்ற புரதத் துளைகள் இருக்கின்றன. இவ்வகைத் துளைகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரிக்கு 2003-ல் வேதியியல் நோபல் பகிர்ந்து தரப்பட்டது. துளைகளைச் சுவரில் கொண்டுவந்து பொருத்தச் சொல்வது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வரும் ஏடிஹெச் ஹார்மோன். ரத்தம் கொஞ்சம் கெட்டியானாலே இது சுரக்கும். மது இதை அடக்கிவிடும், குடித்தவர்கள் குடித்ததைவிட அதிகமாகச் சிறுநீர் கழித்து மறுநாள் நா வறண்டு கிடப்பது அதனால். இந்த ஹார்மோன் அறவே இல்லாமல் போனால் ஒரு நாளில் பத்து லிட்டரையும் தாண்டிச் சிறுநீர் போகும்.

எவ்வளவு சுண்டினாலும் மனிதனுக்கு ஓர் எல்லை இருக்கிறது. கழிவைக் கரைத்து அனுப்ப நாளொன்றுக்கு அரை லிட்டராவது வேண்டும். கடல்நீரில் இருக்கும் அளவுக்கு உப்பை நம் சிறுநீரில் ஏற்ற முடியாது, அதனால் கடல்நீரைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்றவே உடம்பிலிருந்து இன்னும் தண்ணீர் செலவாகும். பாலைவனத்தில் வாழும் கங்காரு எலிக்கு நம்மைவிடப் பல மடங்கு அடர்த்தியாகச் சுண்ட முடியும், அது தண்ணீரே குடிக்காமல் வாழ்ந்துவிடும்.

சிறுநீரோடு சம்பந்தமே இல்லாத வேலைகளும் இதற்கு உண்டு. குளோமருலஸ் பக்கத்தில் இருக்கும் செல்கள் அழுத்தம் குறைந்தால் ரெனினைச் சுரந்து உடம்பு முழுக்க ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனை அனுப்பி எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யச் சொல்லும். வைட்டமின் டி-யைக் கடைசியாகச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் இதுதான். ரத்தத்தின் அமிலத்தன்மையை, அதாவது பிஹெச் அளவை, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் பிடித்து வைப்பதில் நுரையீரலோடு பாதிப் பொறுப்பு இதற்கு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தசோகையும் எலும்புத் தேய்வும் சேர்ந்தே வருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். டயாலிசிஸ் இயந்திரம் யூரியாவை எடுத்துவிடும், ஹார்மோன் சுரக்காது. எரித்ரோபாய்டினை ஊசியாகப் போட வேண்டியிருக்கிறது.

சிறுநீர் தயாரானதும் அதைக் கீழே கொண்டுபோவது சிறுநீர் நாளம், 25-லிருந்து 30 சென்டிமீட்டர், உள்ளகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர். தானாக வழிந்து இறங்குவதில்லை, சுவர்த் தசை அலை அலையாகச் சுருங்கித் தள்ளுகிறது, படுத்திருந்தாலும் சிறுநீர் இறங்கும். மூன்று இடங்களில் இந்த நாளம் குறுகும், சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம், இடுப்பெலும்பு விளிம்பில் பெரிய ரத்தக்குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் சிக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான். அடைப்புக்கு எதிராக நாளம் இறுகி இறுகிச் சுருங்கும்போது வருகிற வலி முதுகில் ஆரம்பித்துத் தொடையிடுக்கு வரை ஓடும். அந்த வலியில் இருப்பவரால் ஒரு நிலையில் படுத்திருக்க முடியாது, புரண்டுகொண்டே இருப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கே தாங்காது.

நாளம் பைக்குள் நேராக நுழையாமல் சுவருக்குள் சாய்வாக ஊடுருவிப் போகிறது. பை நிரம்பி அழுத்தம் கூடும்போது அந்தச் சாய்ந்த துண்டு நசுங்கி மூடிக்கொள்ளும், சிறுநீர் மேலே திரும்பாது. சில குழந்தைகளுக்கு அந்தச் சாய்வான பகுதி குட்டையாக இருந்து, சிறுநீர் மேலே ஏறி, திரும்பத் திரும்பத் தொற்று வரும். காரணம் தெரியாமல் காய்ச்சல் வரும் பச்சைக் குழந்தைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

சிறுநீர்ப்பையின் உள்தோல் விரியும் தோல். காலியாக இருக்கும்போது மடிப்பு மடிப்பாக, செல்கள் குடை மாதிரி உப்பியிருக்கும், நிரம்ப நிரம்பத் தட்டையாகும். 400, 500 மில்லிலிட்டர் வரை வாங்கிக்கொள்ளும். 150, 200 ஆகும்போதே முதல் உணர்வு வந்துவிடும், ஆனால் மூளை அதைத் தள்ளிவைக்கும். சுவர்த் தசையான டெட்ரூசர் தளர்ந்திருக்க வேண்டும், வாயில் இருக்கும் சுருக்குத்தசை இறுகியிருக்க வேண்டும், கழிக்கும்போது இரண்டும் அப்படியே தலைகீழாக மாற வேண்டும். இந்த மாற்றத்தை ஒருங்கிணைப்பது மூளைத்தண்டில் இருக்கும் ஒரு மையம், இப்போது வேண்டாம் என்று அதைத் தடுத்து வைப்பது முன்மூளை. குழந்தைக்கு இந்தத் தடுப்பு இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் மெல்லக் கைவருகிறது, படுக்கையில் நனைக்கும் குழந்தையை அடிப்பதில் எந்த நியாயமும் இல்லை. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு இந்த ஒருங்கிணைப்பு அறுந்துபோவதால்தான் பையைக் காலி செய்யக் குழாய் தேவைப்படுகிறது.

கடைசிப் பாதையான சிறுநீர்ப் புறவழி பெண்களுக்கு நான்கு சென்டிமீட்டர், ஆண்களுக்கு இருபது. பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அதிகம் வர முதல் காரணம் இந்த நீளக் குறைவுதான், கிருமிக்குத் தூரம் குறைவு. சுத்தமில்லாதவள் என்று யாரையும் நினைக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு அந்தப் பாதை புராஸ்டேட் சுரப்பிக்கு நடுவே போகிறது, வயதில் அது வீங்கினால் பாதை நெருக்கப்பட்டுச் சிறுநீர் விட்டு விட்டு வரும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்திச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். நெஃப்ரான்கள் சாகும்போது வலிக்காது. மிச்சமிருப்பவை பெருத்து, செத்தவற்றின் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர் நன்றாக வாழ்வது இந்தக் குணத்தால்தான். 1954-ல் பாஸ்டனில் ஜோசஃப் மரே குழுவினர் ஓர் இரட்டைச் சகோதரரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றி வைத்த காலத்திலிருந்து இது தெரியும். ஆனால் சர்க்கரை நோயிலும் உயர் ரத்த அழுத்தத்திலும் சுமை கூடிய நெஃப்ரான்கள் வேகமாகத் தேய்ந்து அவையும் சாகும். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு இதை ரொம்பத் தாமதமாகத்தான் காட்டும். அது தசையிலிருந்து வருகிற கழிவு. வடிகட்டும் திறன் பாதியாகக் குறையும்வரை பலருக்கு அது சரியான எல்லைக்குள்ளேயே இருக்கும், தசை மெலிந்த வயதானவர்களுக்கு அதற்குப் பிறகும்கூட. "கிரியாட்டினின் நார்மல்" என்ற ஒரு வரியைப் பார்த்து நிம்மதியாகிவிடுவது சரியில்லை. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈஜிஎஃப்ஆர், அதாவது வடிகட்டும் திறனின் மதிப்பீடு, என்ன என்று கேளுங்கள். அதோடு, சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு இறங்குகிறது என்ற சோதனை வேறு, அது கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடங்கள் முன்பே சல்லடையின் நிலையைச் சொல்லிவிடும். சர்க்கரையோ பிபியோ இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை இரண்டையும் செய்துகொள்ள வேண்டும்.

வலிநிவாரணி மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகள் குளோமருலஸுக்குள் நுழையும் தமனியை விரித்து வைக்கும் பொருள்களை அடக்கிவிடும். உடம்பில் நீர்ச்சத்து நன்றாக இருக்கும்போது ஓரிரு நாள் எடுத்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. வாந்தி பேதியில் தண்ணீர் வற்றியிருக்கும்போதும், பிபிக்காக வெளிச்செல்லும் தமனியை விரிக்கும் மாத்திரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும்போதும் கதை வேறு. உள்ளே வரும் பக்கம் சுருங்கி, வெளியே போகும் பக்கம் விரிந்து, நடுவில் இருக்க வேண்டிய அழுத்தம் விழுந்துவிடும், வடிகட்டுவதே நின்றுபோகலாம். முழங்கால் வலிக்கு மாதக்கணக்கில் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.